கால் மேல் கால் போட்ட கதை

மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது பெரிய சாதனை என்கிறார்கள். அதைவிடப் பெரிய சாதனையை அவன் அடுத்த வாரமே செய்திருப்பான் என்பது என் துணிபு: நடக்கிற வேலையை இன்னொருத்தன் தலையில் கட்டியது. பல்லக்கு என்பது வேறென்ன? ராஜா உள்ளே சாய்ந்துகொண்டு வெற்றிலை மெல்லுவார். அவருடைய எட்டுக் கால்களும் வெளியே வெயிலில் ஓடும். எரிபொருள் பழைய சோறு. ஒரு கால் சுளுக்கிக்கொண்டால் பொழுது விடிவதற்குள் வேறு கால் மாற்றிக்கொள்ளலாம். உலகத்தின் முதல் மாட்டிக்கொள்ளும் கால் அதுதான். அதற்கப்புறம் வந்ததில் எதுவும் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததாகத் தெரியவில்லை.

பல்லக்குத் தூக்க ஆள் கிடைக்காத ஊரில்தானே இயந்திரம் பிறக்கும்? 1890 ஜனவரியில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த நிக்கலஸ் யாகின் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வாங்கினார். எண் 420179. ‘நடப்பதையும் ஓடுவதையும் குதிப்பதையும் எளிதாக்கும் கருவி’ என்று தலைப்பு. நடை வாங்கினால் ஓட்டம் இலவசம், குதி கூடுதல் இலவசம் என்று ஆடித் தள்ளுபடி மாதிரி மூன்றையும் ஒரே காகிதத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

யோசனை என்னவோ அழகானது. இடுப்பிலிருந்து பாதம் வரை, காலுக்குப் பக்கத்திலேயே வில்லாக வளைந்த ஒரு நீள ஸ்பிரிங். கால் தரையில் ஊன்றும்போது உடம்பின் பாரத்தை வில் வாங்கிக்கொள்ளும். காலைத் தூக்கும்போது குறுக்கே நிற்காமல் விலகி வழிவிடும். நாம் கொடுத்த பாரத்தை நமக்கே உந்தலாகத் திருப்பித் தரும். வட்டியில்லாக் கைமாற்று. அதே வருஷத்தில் இன்னொரு காப்புரிமையும் வாங்கினார். அதில் வில்லுக்குப் பதில் காற்றடைத்த பை. எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, புகை இல்லை.

ஒரே ஒரு குறைதான். அவர் அதைச் செய்து, மாட்டி, யாராவது ஒருத்தர் குதித்தார் என்பதற்குத் தடயமே கிடையாது. காகிதத்தில் எல்லாரும் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். இந்த யாகினைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் கடைசியில் வில்லோடு திரும்பி வருவார்.

1917-இல் அமெரிக்காவில் லெஸ்லி கெல்லி என்பவர் கிளம்பினார். வில்லும் பையும் பத்தாது, ஆவி வேண்டும் என்றார். அவருடைய ‘பெடோமோட்டார்’ முதுகில் மாட்டிக்கொள்கிற ஒரு குட்டி நீராவி எஞ்சின். அதிலிருந்து செயற்கைத் தசைநார்கள் காலோடு சேர்ந்து இறங்கி, ஓடும்போது காலை இழுத்துவிடும். வெந்நீர் பாய்லரை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுவதை ஒரு நிமிஷம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். தெருநாய் துரத்துகிறது. ‘கொஞ்சம் இரு, தண்ணி இன்னும் கொதிக்கலை’ என்று நாயிடம் சொல்ல வேண்டும். முதுகுப் பக்கம் வேகிற வேகத்திலேயே மனிதன் ஓடிவிடுவான் என்பது கெல்லியின் உள்கணக்காக இருந்திருக்கலாம். 1919-இல் காப்புரிமை கிடைத்தது. பெடோமோட்டாரில் ஏறி யாரும் ஆபீஸ் போகவில்லை.

இதெல்லாம் தனி மனிதர்களின் ஆசை. ஆசைக்கு அரசாங்கப் பணம் கிடைத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த அத்தியாயம்.

1959-இல் ராபர்ட் ஹைன்லைன் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ என்று ஒரு நாவல் எழுதினார். அதில் சிப்பாய்கள் இரும்பு உடுப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக் கூரைகளைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். 1963-இல் காமிக்ஸில் அயர்ன் மேன் வந்தார். நம் ஊரில் படம் பார்த்துவிட்டு வந்தால் முடிவெட்டை மாற்றிக்கொள்வதோடு சரி. அங்கே ராணுவம் டெண்டர் போட்டது. 1965-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊரில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில், அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து பணம் போட, ‘ஹார்டிமேன்’ பிறந்தது. தலைமைப் பொறியாளர் ரால்ஃப் மோஷர்.

நண்டுக்கு எலும்பு வெளியே இருக்கிறதல்லவா, அதுபோல மனிதனுக்கு வெளியே ஒரு எலும்புக்கூடு மாட்டுவதுதான் திட்டம். எக்ஸோஸ்கெலிட்டன் என்று இதற்குப் பெயர். வாயில் நுழைய ஒரு வாரமாகும், பழகினால் சரியாகிவிடும். ஹார்டிமேனுக்கு உள்ளே ஒரு கூடு, வெளியே ஒரு கூடு. உள்கூட்டில் மனிதன் கையைத் தூக்கினால், வெளிக்கூட்டின் இரும்புக் கை அதைப் பார்த்து 25 மடங்கு பலத்தோடு தூக்கும். ஹைட்ராலிக் எண்ணெயில் ஓடும். 680 கிலோவைத் தூக்க வேண்டும் என்பது லட்சியம். செய்து முடித்து எடை போட்டார்கள். இயந்திரமே சுமார் 680 கிலோ. அதாவது தன் எடையைத் தானே தூக்குகிற மகத்தான சாதனைக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். எறும்பு கேட்டால் சிரிக்கும்.

அதுவாவது நடந்ததா? ஒரு கை நடந்தது. ஒற்றைக் கையை மட்டும் ஒரு வழிக்குக் கொண்டுவந்து சுமார் 340 கிலோ தூக்க வைத்தார்கள். சரி, கால்? அங்கேதான் வந்தது வினை. இரண்டு காலையும் ஒன்றாக உயிர்ப்பித்தபோதெல்லாம் ஹார்டிமேனுக்குச் சாமி வந்துவிட்டது. கண்டபடி துள்ளி உதறியது. நம் ஊர் சாமியாடியாக இருந்தால் வேப்பிலையால் நாலு போடு போட்டு, திருநீறு பூசி, ‘எந்த மலையிலேருந்து வந்திருக்கே’ என்று கேட்கலாம். முக்கால் டன் இரும்பிடம் யார் போய்க் கேட்பது? அதனால் ஒவ்வொரு காலாகத்தான் சோதித்தார்கள். முழு இயந்திரத்தையும் உயிர்ப்பித்த நிலையில் உள்ளே ஆளை வைத்து நடத்திப் பார்க்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை. 1971-இல் மூட்டை கட்டினார்கள். நடப்பதற்கென்று செய்த உடுப்பு, ஒரு கை மட்டும் உள்ள மாற்றுத்திறனாளியாக வாழ்க்கையை முடித்துக்கொண்டது.

இத்தனைக்கும் மோஷர் லேசுப்பட்டவர் அல்ல. அதே காலத்தில் அவர் செய்த நாலு கால் ‘நடக்கும் லாரி’ உண்மையாகவே நடந்தது, ஜீப்பைக்கூடத் தள்ளியது. ஓட்டுகிறவர் தன் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அதன் நாலு காலையும் ஆட்ட வேண்டும். கால் மணி நேரத்தில் ஓட்டுநர் துவண்டுவிடுவார் என்பதுதான் சங்கடம். இன்றைக்கு அது அமெரிக்க ராணுவத்தின் அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறது. நாலு கால் இருந்தால் நிற்பது சுலபம். தகராறெல்லாம் இரண்டு காலில்தான்.

ஏன் என்று கேட்டால், நடை என்பது நாம் நினைக்கிற மாதிரி காலை முன்னே வைக்கிற வேலை அல்ல. முன்பக்கம் விழப் போவது, விழுவதற்குள் அடுத்த காலால் தன்னைத்தானே பிடித்துக்கொள்வது, மறுபடி விழப் போவது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை விழாமல் தப்பிக்கிறோம். தவழ்ந்து, எழுந்து, தொப்பென்று விழுந்து ஒரு வருஷம் பயிற்சி எடுத்து இதைக் கற்றுக்கொண்டோம். அப்புறம் கற்றுக்கொண்டதையே மறந்துவிட்டோம். கால் வேறு ஊசல் மாதிரி தானாக ஆடிக்கொள்ளும், குதிகால் தசைநாண் ஸ்பிரிங் மாதிரி இழுத்துவிடும். இவ்வளவு சிக்கனமான குடித்தனத்துக்குள் புகுந்து ‘நான் உதவி பண்றேன்’ என்கிற எந்த இயந்திரமும், கல்யாண வீட்டில் சமையலறைக்குள் நுழைந்த ஆண்பிள்ளை மாதிரிதான். கரண்டியை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினால் போதும் என்றிருக்கும்.

அமெரிக்கா இப்படி இரும்பைத் துள்ளவிட்டுக்கொண்டிருந்தபோது, பெல்கிரேடில் ஒருவர் சத்தமில்லாமல் வேறு வேலை பார்த்தார். மிஹாய்லோ பூப்பின் இன்ஸ்டிட்யூட்டில் இருந்த மியோமிர் வுகோப்ராடோவிச். (பெயரைச் சொல்லவே ஒரு எக்ஸோஸ்கெலிட்டன் வேண்டும்.) அவருக்குச் சிப்பாய்களைப் பலசாலி ஆக்குகிற ஆசையே இல்லை. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்கள் எழுந்து நாலடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். 1969 வாக்கில் தொடங்கி, 1972-இல் காற்றழுத்தத்தில் இயங்கும் கால்கள், 1974-இல் மின் மோட்டார் வைத்த உடுப்பு என்று அடுத்தடுத்துச் செய்தார். பெல்கிரேடின் எலும்பு முறிவு மருத்துவமனையில் நோயாளிகள் அதை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். ஓடவில்லை, குதிக்கவில்லை, மெல்ல நடந்தார்கள். ஒரு மாதிரியை மாஸ்கோவுக்கும் அனுப்பினார்கள்; அது கடைசியில் அங்கே அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. இந்தத் துறையில் உருப்படியாகச் செய்தால் மியூசியம், உருப்படாமல் செய்தால் மேலும் நிதி.

வுகோப்ராடோவிச் அதற்காக ஒரு கணக்கும் போட்டார். நடக்கிற உடம்பு கவிழாமல் இருக்க, பாதத்துக்குக் கீழே எந்தப் புள்ளியில் பாரமும் திருப்பமும் சமனாக வேண்டும் என்கிற கணக்கு. ‘ஜீரோ மொமெண்ட் பாயிண்ட்’ என்று பெயர். நடக்க முடியாத மனிதர்களை எண்ணி இதில் இறங்கியவர் போட்ட கணக்கு. அதை எடுத்துக்கொண்டு ஓடியது யார் தெரியுமா? ஜப்பானின் ரோபோக்கள். ஹோண்டாவின் அசிமோ வெள்ளை வெளேரென்று 2000-இல் மேடைக்கு வந்து மாப்பிள்ளை நடை நடந்ததே, அந்த நடைக்குள் இருந்தது பெல்கிரேடு கணக்குதான். மனிதன் சக்கர நாற்காலியிலேயே இருக்க, பொம்மை மாடிப்படி ஏறியது. அப்புறம் ஹோண்டாவுக்கே மனசு கேட்கவில்லையோ என்னவோ, ரோபோவை நடக்க வைத்துக் கற்றதையெல்லாம் வைத்து வயசானவர்களுக்கு நடை உதவிக் கருவி செய்தது. 2008-இல் வெளியிட்ட ஒன்றில் சைக்கிள் சீட்டு மாதிரி ஓர் இருக்கை, அதிலிருந்து இரண்டு கால், கீழே ஷூ. நடந்துகொண்டே உட்காரலாம், அல்லது உட்கார்ந்துகொண்டே நடக்கலாம். எங்கள் தாத்தா மாட்டுவண்டியில் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேருவார். கிட்டத்தட்ட அதே தத்துவம்.

ஜப்பானைப் பற்றிப் பேசும்போது சுகுபா பல்கலைக்கழகத்தின் யோஷியூகி சங்காயை விட்டுவிட்டால் பாவம் வரும். ஒன்பது வயசில் ஐசக் அசிமோவ் எழுதிய ‘ஐ, ரோபாட்’ படித்துக் கெட்டுப்போனவர். மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு போகும்போது தோலின் மேல் ஒரு மெல்லிய மின் சமிக்ஞை கசியும். கால் அசையாவிட்டாலும் ‘அசை’ என்ற உத்தரவு வந்ததை அங்கே கேட்கலாம். அதை ஒட்டுக்கேட்டு, அவர் செய்த கருவியின் மோட்டார் காலை அசைத்துக் கொடுக்கும். அருமையான யோசனை. நரம்பு, தசை நோய்க்காரர்களுக்கு ஜப்பானில் 2015-இல் மருத்துவக் கருவியாக அங்கீகாரமே கிடைத்தது. நான் குறை சொல்வது பெயரைத்தான். கருவிக்கு ‘ஹால்’ என்று வைத்தார். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் விண்கலத்தில் இருந்தவர்களில் ஒருத்தர் தவிர மற்ற எல்லாரையும் கொன்ற கம்ப்யூட்டரின் பெயர் அது. கம்பெனிக்கு ‘சைபர்டைன்’ என்று வைத்தார். ‘டெர்மினேட்டர்’ படத்தில் மனித குலத்தையே அழிக்கக் காரணமாகிற கம்பெனி. ‘எமதர்மன் ஆம்புலன்ஸ் சர்வீஸ், ஓட்டுநர் சித்திரகுப்தன்’ என்று போர்டு மாட்டிய மாதிரி. சங்காய் இதற்கெல்லாம் வேறு விளக்கம் வைத்திருக்கிறார். எமதர்மனும் வைத்திருப்பார்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த அமித் கோஃபர். எம்.ஆர்.ஐ. கருவி செய்கிற கம்பெனி நடத்திய இன்ஜினீயர். 1997-இல் நாலு சக்கர மோட்டார் வண்டி கவிழ்ந்து கழுத்துக்குக் கீழே முடங்கினார். சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விண்வெளிக்குப் போகிற காலத்தில் நமக்கு மட்டும் ஏன் நாற்காலிக்குச் சக்கரம் மாட்டினதோடு புத்தி நின்றுவிட்டது என்று அவருக்குக் கோபம் வந்தது. நமக்குக் கோபம் வந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம். அவர் 2001-இல் கம்பெனி தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் ‘ரீவாக்’. இடுப்பிலும் முட்டியிலும் மோட்டார், கையில் கடிகாரம் மாதிரி ஒரு ரிமோட், இரண்டு ஊன்றுகோல். உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்தால் ‘ஐயா நடக்கப் போகிறார்’ என்று சென்சார் புரிந்துகொண்டு ஓரடி எடுத்து வைக்கும். 2014 ஜூனில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வீட்டிலேயே மாட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தது, பயிற்சி பெற்ற துணை ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கோஃபர் அதை மாட்டிக்கொண்டு நடந்தாரா? இல்லை. ஊன்றுகோலைப் பிடிக்கக் கையில் பலம் வேண்டும். அவருக்குக் கையும் சரியில்லை. ஊருக்கெல்லாம் பந்தி போட்டவருக்கே இலை இல்லை. நானாக இருந்தால் கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் சண்டை பிடித்திருப்பேன். அவர் பின்னாளில் இன்னொரு கம்பெனி தொடங்கி, தன்னைப் போன்றவர்களை நிமிர்த்தி நிற்க வைத்து, கவிழாமல் உருண்டு போகிற நாற்காலி ஒன்றைச் செய்து, அதில் எழுந்து நின்றார். எதை எடுத்து எறிய வேண்டும் என்று கிளம்பினாரோ அதையே நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

அவர் செய்த ரீவாக்கை மாட்டிக்கொண்டு இங்கிலாந்தின் கிளேர் லோமஸ் 2012 லண்டன் மாரத்தானுக்குப் போனார். 2007-இல் குதிரையிலிருந்து விழுந்து மார்புக்குக் கீழே உணர்விழந்தவர். ஏப்ரல் 22-ஆம் தேதி எல்லாரும் ஓடத் தொடங்கியபோது இவரும் தொடங்கினார். மற்றவர்கள் ஓடி முடித்து, வீட்டுக்குப் போய், கால் வலி தீர்ந்து, அதை நண்பர்களிடம் பத்துத் தடவை சொல்லியும் முடித்திருப்பார்கள். இவர் தினமும் மூன்று கிலோமீட்டர் கணக்கில் நடந்துகொண்டே இருந்து, மே 8-ஆம் தேதி 42 கிலோமீட்டரையும் முடித்தார். பதக்கம் கேட்டால், அதே நாளில் முடித்தவர்களுக்குத்தான் பதக்கம் என்றது விதி. விதி எழுதினவர்களுக்கு உலகத்தில் எங்கேயும் முட்டி வளையாது. அதற்கு மோட்டார் வைத்த கருவி இன்னும் வரவில்லை. மற்ற ஓட்டக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் பதக்கங்களைக் கழற்றி அவருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்று கேட்டவருக்குப் பத்துக்கு மேல் வந்து சேர்ந்தது.

ரீவாக்குக்கு அனுமதி கிடைத்த அதே 2014 ஜூனில் பிரேசிலில் உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழா. மிகெல் நிக்கோலேலிஸ் என்ற மூளை விஞ்ஞானி, கால் உணர்வில்லாத ஓர் இளைஞரை எக்ஸோஸ்கெலிட்டன் மாட்டி நிறுத்தி, தலையில் மூளை அலை வாங்கும் தொப்பி வைத்து, முதல் பந்தை உதைக்க வைத்தார். உதைத்தும் விட்டார். வருஷக் கணக்கில் உழைத்த அந்தக் காட்சிக்கு டி.வி.யில் கிடைத்தது சில நொடி. மிச்ச நேரத்தில் பாட்டும் ஆட்டமும். கேமராக்காரருக்குத் தும்மல் வந்திருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

ராணுவம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஹார்டிமேனோடு புத்தி வந்திருக்கும் என்று நினைத்தால் நமக்குத்தான் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். 2001 வாக்கில் டார்பா என்கிற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு மறுபடியும் பையைத் திறந்தது. பெர்க்லியில் ஹோமாயூன் கசெரூனி 2004-இல் ‘ப்ளீக்ஸ்’ செய்து காட்டினார். சுமார் 45 கிலோ இரும்புக் கால்கள், 32 கிலோ மூட்டை, இரண்டையும் மாட்டினால் இரண்டு கிலோ தூக்குகிற மாதிரிதான் இருக்கும் என்றார்கள். மந்திரம் மாதிரி இருக்கிறதே, எப்படி? முதுகில் ஒரு பெட்ரோல் எஞ்சின். 1917-இல் முதுகில் பாய்லர், 2004-இல் முதுகில் மொபெட். 87 வருஷ முன்னேற்றம்.

இந்த வகைக் கருவி ஒன்றை 2010 வாக்கில் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்களே சோதித்தார்கள். சும்மா மூட்டை சுமந்து நடக்கிற சிப்பாயையும், கருவியை மாட்டிக்கொண்டு அதே மூட்டையைச் சுமக்கிற சிப்பாயையும் டிரெட்மில்லில் நடக்கவிட்டு, யாருக்கு எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளந்தார்கள். கருவி மாட்டியவருக்குத்தான் அதிகம் இரைத்தது. மூட்டையின் பாரத்தைக் கருவி தரைக்குக் கொண்டுபோனது உண்மை. அந்தக் கருவியை இழுத்துக்கொண்டு போகிறவன் சிப்பாய். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரை ஆட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். குதிரை மேல் ராஜா ஜம்மென்று உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். உள்ளே பார்த்தால் ராஜாதான் மொத்தக் குதிரையையும் தோளில் மாட்டிக்கொண்டு வியர்த்து ஆடிக்கொண்டிருப்பார்.

இதற்குப் பிறகும் 2013-இல் அமெரிக்கச் சிறப்புப் படை ‘டாலோஸ்’ என்று ஒன்றை ஆரம்பித்தது. குண்டு துளைக்காது, பாரம் தெரியாது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் திரையில் தெரியும். 2018 ஆகஸ்டுக்குள் தயார் என்றார்கள். 2014-இல் அதிபர் ஒபாமாவே, நாங்கள் அயர்ன் மேன் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று வேடிக்கையாகச் சொன்னார். சினிமாவுக்கு அயர்ன் மேன் உடுப்பு தைத்த ஹாலிவுட் ஸ்டூடியோவைக்கூட உதவிக்குக் கூப்பிட்டார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவதாகச் சொன்ன கதை. 2019-இல் இது முழு உடுப்பாக வேலைக்கு ஆகாது என்று அவர்களே ஒப்புக்கொண்டு சமாதி கட்டினார்கள். கிரேக்கப் புராணத்தில் டாலோஸ் ஒரு வெண்கல அரக்கன். உடம்பு முழுக்க ஒரே நாளம்; அதை அடைத்திருந்த ஆணி கணுக்காலில். ஆணியைப் பிடுங்கினதும் உயிர் காலடியில் ஒழுகிப் போய்விட்டது. காலால் செத்தவன் பெயரைக் காலுக்கு உதவுகிற கருவிக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு ஏற்கெனவே முடிவு தெரிந்திருக்கிறது.

ராணுவத்திலிருந்து நோயாளியின் காலுக்கு உருப்படியாக வந்த ஒன்றை நம் ராமேஸ்வரத்துக்காரரே செய்திருக்கிறார். ஐதராபாத்தில் ஏவுகணை செய்துகொண்டிருந்த காலத்தில் அப்துல் கலாமின் ஆய்வகத்துக்கு நிஜாம் மருத்துவ நிலையத்திலிருந்து ஓர் எலும்பு டாக்டர் வந்தார். அக்னிக்காகச் செய்த லேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், மூன்று கிலோவுக்கு மேல் கனக்கிற இரும்புக் காலிப்பரை இழுத்துக்கொண்டு நடக்கிற குழந்தைகளைக் காட்டினார். மூன்று வாரத்தில் 300 கிராம் காலிப்பர் தயார். மோட்டார் கிடையாது, மூளை அலைத் தொப்பி கிடையாது, அதிபர் பேச்சு கிடையாது. அதை மாட்டிக்கொண்ட குழந்தைகள் பாட்டுக்கு நடந்து போனார்கள். பெற்றோர்கள் அழுதார்கள் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, பாரத்தைக் குறைத்தால் போதும் என்று எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி தெளிந்த சமயத்தில்தான் 2015 வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் காலின்ஸும், வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரெகரி சவிக்கியும் கூட்டாளிகளோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். பாட்டரி இல்லாமல், மோட்டார் இல்லாமல், கணுக்காலில் மாட்டுகிற ஒரு கருவி. ஒரு காலுக்கு அரைக் கிலோ அளவுதான். ஆடுசதைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்பிரிங், அதைப் பிடித்து விடுகிற ஒரு சின்ன கிளட்ச். கால் ஊன்றும்போது ஸ்பிரிங் பாரத்தை வாங்கிக்கொள்ளும். தூக்கும்போது கிளட்ச் விலகி வழிவிடும். இதை மாட்டினால் நடைக்கு ஆகிற சக்திச் செலவு சுமார் 7 சதவீதம் குறைகிறது. முதுகிலிருந்து நாலரைக் கிலோ மூட்டையை இறக்கி வைத்த சுகம் என்றார்கள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வில்லோடு ஒருத்தர் வருவார் என்று சொன்னேனே. 125 வருஷம், முக்கால் டன் இரும்பு, ஒரு பாய்லர், ஒரு பெட்ரோல் எஞ்சின், ஒரு வெண்கல அரக்கன், எண்ண முடியாத டாலர் எல்லாம் தாண்டி, யாகின் வரைந்த இடத்துக்கே பக்கத்தில் வந்து நின்றாயிற்று.

கதை இப்போது கடைவீதிக்கு வந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் சீனாவின் தாய்ஷான் மலையடிவாரத்தில் இரண்டு கிலோகூட இல்லாத இடுப்பு மோட்டார்களை வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்போது வாடகை மூன்று மணி நேரத்துக்கு 80 யுவான். 6,000-க்கு மேற்பட்ட படிகள் உள்ள மலை. இடுப்பில் மாட்டிக்கொண்டு தொடையில் பட்டையைக் கட்டினால், படி ஏறும்போது அது தொடையைத் தூக்கிவிடும். பழனியில் மூட்டுவலிக்காரர்கள் விஞ்சுக்குக் கால் கடுக்க வரிசையில் நிற்பதை நினைத்துக்கொண்டேன். முதலில் மாட்டிப் பார்த்த பலர் வேலை செய்கிறது என்றுதான் சொன்னார்கள். நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் இறங்கும்போது அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லியிருப்பார்கள். பொய்க்கால் குதிரை அவ்வளவு சுலபமாக ஆளை விடாது.

யாகினின் காப்புரிமை காலாவதியாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். படம் இணையத்திலேயே இருக்கிறது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற மச்சான் யாராவது இருந்தால் ஒன்று செய்து பார்க்கலாம். குதிப்பது மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதல் நாள் நடக்கும்போது பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கட்டும்.